ஒரே சட்டியில் கடல்: மல்லைக் கரையின் உணவும் இரு மத்ஹபுகளும்

வலையில் வந்த மீன், இறால், நண்டு, கணவாய், மட்டி அனைத்தையும் ஒரே சட்டியிலிட்டுக் கொதிக்க வைத்து, அச்சட்டியைச் சுற்றிக் குடும்பமாக அமர்ந்து உண்பது உலகின் பல கரைகளில் காணப்படும் பழைய வழக்கம். பிரான்சின் மார்செய் துறைமுக மீனவர்கள் விலைபோகாத மீன்களைச் சேர்த்துக் காய்ச்சிய சாறு இன்று புகழ்பெற்ற உணவாகியிருக்கிறது. அமெரிக்காவின் லூசியானாவில் இறாலும் நண்டும் உருளைக்கிழங்கும் மக்காச்சோளமும் ஒரே அண்டாவில் வெந்து, காகிதம் விரித்த மேசையின்மீது கொட்டப்படுகின்றன. அண்மை ஆண்டுகளில் காணொளிகளின் வழியே அம்முறை நம் இல்லங்களையும் எட்டியுள்ளது. மறைமலைநகர் போன்ற ஊர்களில் கோடை விடுமுறைக்கு உறவினர் கூடும் இரவுகளில் பிள்ளைகள் இதனையே கேட்கின்றனர்.

முஸ்லிம் இல்லத்து விரிப்பின்மீது இச்சட்டி வைக்கப்படும்போது ஒரு கேள்வியும் உடன் வருகிறது. சுற்றி அமர்ந்திருக்கும் அனைவரும் இதிலுள்ள அனைத்தையும் உண்ணலாமா? இக்கேள்விக்குப் பின்னே ஃபிக்ஹின் வரலாறும் இக்கரையின் வரலாறும் பின்னிக் கிடக்கின்றன. அவற்றை இங்கே சுருக்கமாக நோக்குவோம்.

கரையும் அதன் பழமையும்

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டுக் கழிமுகம், கோவளம், மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என ஊர்கள் தொடர்ந்து, பாலாற்றின் முகத்துவாரத்தை எட்டுகின்றன. 2019ஆம் ஆண்டில் தனி மாவட்டமான செங்கற்பட்டின் கடற்பகுதி இதுவே. பாலாற்று முகத்துவாரத்தை அடுத்த வசவசமுத்திரத்தில் நடந்த அகழாய்வில் மத்தியதரைக் கடல் நாடுகளின் சாடி உடைசல்கள் கிடைத்தன. மேற்குலகுடன் இக்கரை கொண்டிருந்த வணிகம் இஸ்லாத்தின் வருகைக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது என்பதற்கு இதுவே சான்று.

இதற்குத் தெற்கே அமைந்த ஓய்மா நாட்டைப் பாடும் சிறுபாணாற்றுப்படை, வழிச்செல்லும் பாணர்க்கு நெய்தல் நிலத்தார் சுட்ட மீனையும், மருத நிலத்தார் வெண்சோற்றுடன் நண்டுக் கலவையையும் அளித்து விருந்தோம்பியதைக் கூறுகிறது. நண்டும் சோறும் விருந்தினர்க்குரிய உணவாயிருந்த மண்ணில்தான் பிற்காலத்தில் அரபு வணிகரும் அவர்வழி வந்த தமிழ் முஸ்லிம்களும் வேரூன்றினர். அரபியர் சோழமண்டலக் கரையை ‘மஃபர்’ என்றழைத்தனர். கடந்து செல்லும் இடம் என்பது அதன் பொருள். கோவளத்தில் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களின் பெயரால் விளங்கும் தர்கா, இக்கரை மக்கள் அரபுலகத் தொடர்பைத் தம் நினைவில் எவ்வளவு தொன்மைக்குக் கொண்டு செல்கின்றனர் என்பதைக் காட்டுகிறது.

சட்டிக்குள் வந்து சேர்ந்தவை

சட்டியிலுள்ள பொருள்களில் பலவும் பயணம் செய்து வந்தவை; சில இங்கிருந்து பயணம் சென்றவை. புளியை அரபியர் ‘தம்ர் ஹிந்தி’, அதாவது இந்தியப் பேரீச்சை என்றனர். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் புளிக்கு வழங்கும் பெயர் அதனின்று பிறந்தது. இஞ்சியைக் குறிக்கும் ‘ஸஞ்சபீல்’ என்னும் சொல் சுவனத்துப் பானத்தைப் பற்றிக் கூறுமிடத்தில் திருமறையிலேயே இடம்பெற்றுள்ளது. மிளகாயோ 1498இல் போர்த்துக்கீசியர் இந்தியா வந்தடைந்த பின்னரே, 16ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து நம்மை வந்தடைந்தது. உருளைக்கிழங்கும் மக்காச்சோளமும் அக்கண்டத்தவையே. ஆகவே 15ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்ட நம் மீனாணத்தின் காரம் மிளகின் காரமேயன்றி வேறில்லை.

மீனைக் கொதிநீரில் வேகவைக்கும் முறைக்கு இந்தியப் பெருங்கடலில் நல்லதொரு வரலாற்றுச் சான்று உண்டு. 1343, 1344ஆம் ஆண்டுகளில் மாலத்தீவில் காஜியாகப் பணியாற்றிய இப்னு பதூதா, அத்தீவினர் மீனைத் துண்டுகளாக்கிச் சிறிது வேகவைத்து, ஓலைக் கூடைகளிலிட்டுப் புகையூட்டி, இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யமனுக்கும் அனுப்பியதைத் தம் பயண நூலில் பதிவு செய்துள்ளார். அங்கிருந்து புறப்பட்டு இலங்கை வழியாக அவர் வந்திறங்கியது மஃபர் கரையில்தான். அவர் கண்ட அம்மீனே இன்று நம் கடைகளில் விற்கும் மாசி.

லூசியானாவின் சட்டிக்கும் நம் சட்டிக்கும் இடையே உள்ள ஒரு வேற்றுமை நம் கேள்விக்கு மிகவும் இன்றியமையாதது. அங்கே வேகவைத்த நீர் கொட்டப்பட்டுவிடும். எனவே உப்பை அள்ளியிடுவர். நம்மிடத்தில் அந்நீரே ஆணம். புளியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து, சோற்றின்மீது ஊற்றப்படுவது அதுவே. சட்டியிலுள்ள ஒவ்வோர் உயிரின் சாறும் ஒவ்வொருவர் கவளத்திலும் கலந்துவிடுகிறது. நண்டை ஒதுக்கிவிட்டு மீனை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விருந்தினரிடம் கூறுவதற்கு இங்கே இடமில்லை.

கடலின் உணவு

கடலின் வேட்டையும் அதன் உணவும் ஆகுமானவை என்பதைத் திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் 96ஆம் வசனம் தெளிவாக்குகிறது. இஹ்ராம் அணிந்தவருக்கு நிலத்து வேட்டை தடுக்கப்பட்டிருக்க, கடல் வேட்டை அவருக்கும் அனுமதிக்கப்பட்டுள்ளது. கடல்நீரால் உளூச் செய்யலாமா என வினவப்பட்டபோது, அந்நீர் தூய்மையானது என்றும், கடலில் இறந்தது ஆகுமானது என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்ததை அபூஹுரைரா (ரலி) அறிவிக்கின்றார்கள். அபூஉபைதா (ரலி) தலைமையில் கடற்கரைக்கு அனுப்பப்பெற்ற முந்நூறு பேர் கொண்ட படை, நாளொன்றுக்கு ஆளுக்கொரு பேரீச்சம்பழம் என்னும் நிலைக்குத் தள்ளப்பட்டபோது, கரையொதுங்கிய பெருமீன் ஒன்றைப் பல நாள்கள் உண்டு உயிர் பிழைத்தது. அதில் மிஞ்சியதை மதீனாவில் நபியவர்களும் உண்டார்கள் என ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன.

இச்சான்றுகளின் பொருள் விரிவு குறித்தே இமாம்கள் கருத்து வேறுபட்டனர். மாலிகி மத்ஹப் கடல்வாழ் உயிர்கள் அனைத்தையும் ஏற்றது. ஷாஃபிஈ மத்ஹபும் கடலிலேயே வாழ்வனவற்றைப் பொதுவாக அனுமதித்தது. ஹனஃபி மத்ஹபோ மீன் என்னும் இனத்துக்கே அனுமதி உரியது எனக் கொண்டது. 1197இல் மறைந்த மர்கீனானீ அவர்களின் ‘ஹிதாயா’ இதனை விரித்துரைக்கிறது. தானே இறந்து நீரில் மிதக்கும் மீனையும் ஹனஃபிகள் உண்பதில்லை. கணவாயும் மட்டியும் மீனினத்தில் சேராமையால் அவர்கள் விரிப்பில் அவற்றுக்கு இடமில்லை.

இறாலும் நண்டும்

நடைமுறையில் சிக்கலாவது இரண்டு: ஹனஃபிகளுக்கு இறால், ஷாஃபிஈகளுக்கு நண்டு.

இறால் மீனா? முள்ளும் செதிலும் இன்றி ஓடு போர்த்திய அதனை இன்றைய உயிரியல் மீனினத்தில் சேர்ப்பதில்லை. ஆயின் அரபு மொழியறிஞர் அதனை மீன் என்றே வழங்கினர். 1405இல் மறைந்த எகிப்து அறிஞர் தமீரீ, உயிரினங்களைப் பற்றிய தமது பெருநூலான ‘ஹயாத்துல் ஹயவா’னில் இறாலைச் சிறிய மீன்வகை என்றே குறித்தார். இதனை ஆதாரமாகக் கொண்டு மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ (1863-1943) இறாலை ஆகுமென்றார். அதனைத் தவிர்ப்பதே பேணுதல் என்று கருதிய ஹனஃபி அறிஞர்களும் உளர். எனவே ஒரே ஊரில், சிலபோது ஒரே குடும்பத்தில், இறால் உண்ணும் ஹனஃபியும் உண்ணாத ஹனஃபியும் இருப்பதில் வியப்பில்லை.

ஷாஃபிஈகள் அனைத்தையும் உண்பர் என்னும் பொதுக் கருத்தும் முழுமையானதன்று. 1277இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) தமது ‘மின்ஹாஜ்’ நூலில் நிலத்திலும் நீரிலும் வாழும் தவளை, நண்டு, பாம்பு ஆகியவற்றைத் தடுக்கப்பட்டவற்றுள் சேர்த்தார்கள். அவர்களே ‘மஜ்மூஉ’ என்னும் விரிவுரை நூலில், தவளை நீங்கலாகக் கடலில் உள்ளவை ஆகுமானவை என்ற கருத்தை வலுவானதாகக் குறிக்கின்றார்கள். இவ்விரண்டையும் இணைத்து நோக்கும் அறிஞர்கள், கடலில் மட்டுமே வாழும் நண்டை வேறாகவும் கரையேறி வாழும் நண்டை வேறாகவும் பிரித்தனர். நண்டு என்ற பெயருக்கே தடை உரியது எனக் கொண்டு முற்றிலும் தவிர்ப்பவர்களும் உள்ளனர்.

இப்பிரிவினை ஏட்டளவில் நிற்பதன்று. நம் மீன்சந்தையிலேயே அதனைக் காணலாம். முட்டுக்காட்டுக் கழியில் பிடிபடும் சேற்று நண்டு, கால்கள் கட்டப்பட்ட நிலையில் நீரின்றியே சில நாள்கள் உயிரோடிருக்கும். கடல் வலையில் வரும் நீலக்கால் நண்டு நீரைவிட்டு நீங்கினால் விரைவிலேயே மடிந்துவிடும். நூல்களில் ஆலிம்கள் வகுத்த எல்லைக்கோடு மீன்காரப் பெண்மணியின் கூடைக்குள்ளேயே ஓடுகிறது.

இரு மரபுகள் சந்தித்த கரை

காயல்பட்டினம், கீழக்கரை, பழவேற்காடு ஆகிய கடலோர ஊர்களின் தமிழ் முஸ்லிம்கள் ஷாஃபிஈ மரபினர். யமன், மலபார், இலங்கை என விரிந்த கடல்வழி உறவுகள் அம்மரபைக் கொணர்ந்தன. பொன்னானியின் ஸைனுத்தீன் மக்தூம் இயற்றிய ‘ஃபத்ஹுல் முயீன்’ நூல் அம்மரபின் மத்ரஸாக்களில் பாடநூலாக விளங்குவது. வடக்கிலிருந்து தரைவழியே வந்த அரசுகளும் படைகளும் ஹனஃபி மரபைக் கொணர்ந்தன. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி முதலிய உள்நாட்டு ஊர்களில் அதுவே பெரும்பான்மை.

செங்கற்பட்டுப் பகுதி இவ்விரண்டும் சந்தித்த இடம். 1710 முதல் 1732 வரை ஆர்க்காட்டை ஆண்ட நவாப் சஆதத்துல்லாஹ் கான் நவாயத் வகுப்பினர். நவாயத்துகள் பெரும்பாலும் ஷாஃபிஈகள். 1744இல் ஆட்சிக்கு வந்த அன்வருத்தீன் கானின் குடும்பம் அவத் நாட்டின் கோபாமூவிலிருந்து வந்த ஹனஃபிக் குடும்பம். கோவளத்தில் ‘சஆதத் பந்தர்’ என்னும் கோட்டை நவாபுகளின் துறைமுகக் காவலாக நின்றது. 1752இல் கிளைவ் கோவளத்தையும் செங்கற்பட்டையும் அடுத்தடுத்துக் கைப்பற்றினார். 1763இல் நவாப் முஹம்மது அலீ வாலாஜா இப்பகுதியைக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார்.

ஆட்சி கைமாறிய அக்காலத்திலும் கல்வித் தொடர்பு அறுபடவில்லை. லக்னோவின் ஃபிரங்கி மஹல் மரபில் வந்த ஹனஃபிப் பேரறிஞர் பஹ்ருல் உலூம் அப்துல் அலீயை வாலாஜா சென்னைக்கு அழைத்துச் சிறப்பித்தார். அவர் 1810இல் இங்கேயே மறைந்தார். அதே சென்னையில் நவாயத் குடும்பத்து ஷாஃபிஈ அறிஞர் பத்ருத்தௌலா காஜிப் பொறுப்பு வகித்தார். இறாலும் நண்டும் பற்றி வேறு வேறு தீர்ப்புரைக்கும் மரபினர் ஒரே நகரில் ஒருவரையொருவர் மதித்து வாழ்ந்தனர்.

அச்சந்திப்பின் இன்றைய வடிவமே மறைமலைநகர். தனித்தமிழ் இயக்கத்தின் முன்னோடியும் சைவ உணவை வலியுறுத்தியவருமான மறைமலையடிகளின் (1876-1950) பெயர்தாங்கிய இவ்வூர், பெருந்தெற்குச் சாலையோரம் திட்டமிட்டு உருவாக்கப்பட்ட தொழில்நகர். வேலை நாடிப் பல மாவட்டத்தார் இங்கே குடியேறினர். கீழக்கரைக் குடும்பமும் வாணியம்பாடிக் குடும்பமும் அண்டை வீட்டாராகவும் சம்பந்திகளாகவும் ஆகும் ஊர்களில் சட்டியின் கேள்வி எழுவது இயல்பே.

சமையலின் வரிசையும் சட்டத்தின் வரிசையும்

கோடைச் சட்டிக்கென ஓர் இயல்பும் உண்டு. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் 2001 முதல் 45 நாள்களாக இருந்தது. 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 முடிய 61 நாள்களாக நீட்டிக்கப்பட்டது. மீன்கள் இனம்பெருக்க இடம் தருவது அதன் நோக்கம். அந்நாள்களில் பெருமீன் வரத்து குறைந்து, கரையோரச் சிறுபடகுகள் கொணரும் கலப்பு மீனே பெரிதும் கிடைக்கிறது. வகைக்குக் கொஞ்சமாகக் கிடைக்கும் அதனைத் தனித்தனியே சமைக்கவியலாது. ஒரே சட்டிதான் அதற்கேற்ற வழி.

சமையல் நெறிப்படி கடினமானது முதலிலும் மென்மையானது இறுதியிலும் சேரவேண்டும். முதலில் உருளைக்கிழங்கு, அடுத்து நண்டு பத்து நிமிடத்துக்கு மேல் வேகும், பின்னர் மட்டி, அதன் வாய் திறக்கும் வரை. திறவாத மட்டியை எறிந்துவிடவேண்டும். இறாலுக்கு மூன்று நிமிடமும் கணவாய்க்கு அதனினும் குறைவான நேரமும் போதும். மீன் துண்டுகளைக் கடைசியில் இட்டு, கரண்டியால் கிளறாமல் சட்டியையே பிடித்து அசைக்கவேண்டும்.

ஃபிக்ஹின் வரிசையோ இதற்கு நேரெதிரானது. அனைவருக்கும் ஐயமற்ற மீன் முதலில் வெந்து பரிமாறப்படவேண்டும். கருத்து வேறுபாடுள்ளவை பின்னரே சேரவேண்டும். நண்டை முதலில் இட்டுவிட்டால் ஆணம் முழுவதும் நண்டின் சாறாகிவிடும். ஆகவே வீட்டுப் பெண்கள் எளிய வழியொன்றைக் கையாளுகின்றனர். மசாலாவை ஒன்றாகவே அரைத்துக் கூட்டி, பெரிய சட்டியில் மீனும் கிழங்கும், சிறு சட்டிகளில் இறாலும் நண்டும் எனப் பிரித்து வேகவைக்கின்றனர். கரண்டிகளும் தனித்தனி. புளியும் தேங்காய்ப்பாலும் ஒன்றாயிருப்பதால் சுவை அதிகம் மாறுவதில்லை. யாருக்கும் ஐயமும் எழுவதில்லை. ஒரே சட்டி என்னும் அழகை அவர்கள் சிறிது விட்டுக்கொடுத்து, ஒரே விரிப்பைக் காத்துக்கொள்கின்றனர்.

இதற்கு நபிவழியிலேயே முன்மாதிரி உண்டு. மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் சுட்ட உடும்பு வைக்கப்பட்டபோது நபியவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். அது விலக்கப்பட்டதா என வினவிய காலித் பின் வலீத் (ரலி) அவர்களிடம், இல்லை, தம் மக்களின் நிலத்தில் இல்லாத உணவாதலால் தமக்கு விருப்பமில்லை என்றார்கள். காலித் (ரலி) அதனைத் தம் பக்கம் இழுத்து உண்டார்கள், நபியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உண்ணாதவர் உண்பவரைக் கடியவில்லை; உண்பவரும் வற்புறுத்தவில்லை; இருவரும் அவ்விரிப்பைவிட்டு எழவுமில்லை.

காயல்பட்டினத்துக் களரி விருந்துகளில் ஒரே சஹனில் இருவர் சேர்ந்துண்பதும், இலங்கை முஸ்லிம்கள் ஒரு சஹனைச் சுற்றி ஐவர் அறுவராக அமர்வதும் சேர்ந்துண்ணலில் பரக்கத் உண்டென்னும் போதனையின் வழிவந்த பழக்கங்களே. தனித்தட்டுகள் பெருகிவிட்ட இக்காலத்தில் கடலுணவுச் சட்டியொன்று பிள்ளைகளை மீண்டும் தரையில் வட்டமாக அமரச் செய்யுமெனின் அதனை நாம் வரவேற்கவே வேண்டும். அப்போது பாட்டனார் ஏன் நண்டைத் தொடவில்லை, சம்பந்தி வீட்டார் ஏன் இறாலை ஒதுக்கினர் எனப் பிள்ளைகள் கேட்பார்கள். இமாம்களின் பெயர்களையும் அவர்களின் ஆதாரங்களையும் சொல்லிக்கொடுக்க அதைவிடப் பொருத்தமான வேளை வாய்ப்பது அரிது.