வீடு தேடிச் செல்லும் பணிவிடை

மருத்துவத்தைத் திருவள்ளுவர் நான்கு கூறுகளாகப் பகுத்தார். நோயுற்றவர், தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிருந்து பணிவிடை புரிபவர் என்பன அவை. நான்காமவரை 'உழைச்செல்வான்' என்று வழங்கினார். மருத்துவருக்குப் பதிவும் மருந்துக்கு உரிமமும் இன்று கட்டாயம். ஆனால், கூலி பெற்று வீட்டில் நோயரைப் பேணும் உழைச்செல்வானின் தகுதி யாது? அவர் பணியைச் சீர்தூக்குவோர் யார்? இவ்வினாக்கள் இன்னும் முழு விடை பெறவில்லை.

பாசிர் கூடாங் மக்களுக்கு இஃது ஏட்டு வினா அன்று. கடலோரச் சிற்றூராயிருந்த அவ்விடம் 1970-களில் தொழில் நகராக உருப்பெற்றது. 1977-இல் ஜொகூர் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டில் தனி உள்ளாட்சி அமைந்தது. 2020-இல் அது மாநகராயிற்று. தோட்டத்தை விட்டு ஆலையை நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல. தோட்டத்து வாழ்வில் வறுமை இருந்தது. ஆயினும் குழந்தைகளுக்கு ஆயாக் கொட்டகையும் காய்ச்சலுக்கு டிரெசரும் இருந்தனர். அவற்றின் குறைகள் மிகுதி. எனினும், பொறுப்பு யாருடையது என்பதில் ஐயமில்லை. அடுக்குமாடி வீட்டிலோ, மகனும் மருமகளும் ஷிப்டு வேலைக்குச் சென்றபின், பக்கவாதத்தால் படுத்த தாயைக் காப்பவர் யார்? மாதக் கூலிக்கு ஒருவரை அமர்த்துகின்றனர். அவர் பயின்றவரா என்று கேட்பாரும் இல்லை. கேட்டாலும் சரிபார்க்க எளிய வழியில்லை.

நான்கு சுவருக்குள் நடக்கும் பணிக்குத் தரம் வகுத்தல் இயலாது என்பார் உளர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1859-இல் லிவர்பூல் வணிகர் வில்லியம் ராத்போன், தம் மனைவியை இறுதிக் காலத்தில் பேணிய தாதியையே ஏழைகளின் இல்லங்களுக்கு அனுப்பினார். பயின்ற தாதியர் போதவில்லை என்று கண்டதும், புளோரன்ஸ் நைட்டிங்கேலின் அறிவுரை பெற்று, அந்நகரில் பயிற்சிப் பள்ளி தோன்றத் துணைநின்றார். பணிவிடைக்கு அன்பு மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும் என்பது அங்கே உறுதிப்பட்டது.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. ஒரு காலத்தில் பிள்ளைப்பேறு பெரும்பாலும் வீட்டிலேயே நடந்தது. நீரிணைக் குடியேற்றங்களில் 1915-இல் மருத்துவச்சியர் சட்டம் வந்தது. மலேசியாவில் 1966-இல் மருத்துவச்சியர் சட்டம் இயற்றப்பட்டது. கிராமத்து மருத்துவச்சியரைப் பகைவராக எண்ணாமல், அவர்களைப் பதிந்து, தூய்மை கற்பித்து, அரசாங்கத் தாதியரின் மேற்பார்வையில் கொண்டுவந்தனர். 1950-ஆம் ஆண்டளவில் ஒரு இலட்சம் பிறப்புக்கு 500-க்கு மேல் இருந்த தாய்மார் இறப்பு, 1990-களில் 50-க்கும் கீழே இறங்கியது. சாலையும் மருத்துவமனையும் இரத்த வங்கியும் இதில் பங்கு கொண்டன. ஆயினும் வீட்டு வாயிலைத் தாண்டித் தரம் உள்ளே சென்றது என்பதே நாம் கருதத்தக்கது.

முதுமைக்கும் நோய்க்கும் அத்தகைய ஏற்பாடு இன்னும் நிறைவுறவில்லை. 1993-ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டம், நால்வர் அல்லது அதற்கு மேற்பட்டோரை ஏற்கும் இடங்களையே பதியச் சொல்கிறது. 2018-ஆம் ஆண்டின் தனியார் முதியோர் நலப் பராமரிப்புச் சட்டமும் நிலையங்களை நோக்கியது. சுகாதார அமைச்சு 2014 முதல் படுக்கை நோயரின் இல்லங்களுக்குத் தாதியரை அனுப்பி, குடும்பத்தாரைப் பழக்குகிறது. இது போற்றத்தக்கது. எனினும், தன் வீட்டில் தனியே கிடக்கும் ஒரு மூதாட்டியையும் அவரைப் பேணும் கூலிப் பணியாளரையும் அப்பராமரிப்பு மையச் சட்டம் எண்ணிக்கையில் கொள்ளவில்லை.

வேண்டிய தரமோ எட்டாக் கனியன்று. கைகழுவுதல், படுக்கைப்புண் வாராமல் இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைத்தல், நிமிர்த்தி உட்காரவைத்து உணவூட்டல், கொடுத்த மருந்தை நேரத்தோடு ஏட்டில் குறித்தல், எந்த அறிகுறிக்கு மருத்துவமனையை நாடுவது என அறிந்திருத்தல் ஆகிய இவையே அடிப்படை. பாசிர் கூடாங்கிற்கு இன்னொன்றும் உண்டு. 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. 2,000-க்கும் மேற்பட்டோர் சிகிச்சை நாடினர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. நடக்கக்கூடியோர் விலகிச் செல்லலாம். எழ இயலாதவரை யார் தூக்குவது, எவ்வழியே கொண்டுசெல்வது என்பதும் ஆலைநகரின் வீட்டுப் பராமரிப்பில் எழுதிவைக்கப்பட வேண்டிய விதியாகும்.

பிரசவ அறைக்கு வழிகண்ட நாடு, நோய்ப்படுக்கைக்கும் வழிகாண இயலும். பதிவு, பயிற்சி, மேற்பார்வை ஆகிய மூன்றும் அன்று தாய்மாரைக் காத்தன. அத்தாய்மார் இன்று முதுமை எய்திப் படுக்கையில் இருக்கின்றனர். அவர்கள் வீட்டு வாயிலில் மீண்டும் ஒருமுறை அம்மூன்றும் வந்து நிற்றல் வேண்டும்.