குடி ரத்தத்துலயே ஓடுதா? ஒரு சின்ன வரலாறு

1/ "இவங்க அப்பாவும் குடிச்சே போனாரு டாக்டர். இவரும் இப்படி. ரத்தத்துலயே ஊறிப் போச்சா? நாளைக்கு எம் புள்ளைக்கும் வருமா?"

புழல், செங்குன்றம் பக்கம் குடிநோயாளியைக் கூட்டிட்டு வர்ற பெண்கள் அடிக்கடி கேக்குற கேள்வி. இதுல பாதி உண்மை. மீதிப் பாதிக்கு கொஞ்சம் வரலாறு பார்ப்போம்.

2/ கதை நம்ம நாட்டு மூலிகையில இருந்து தொடங்குது. சர்ப்பகந்தா. 1949-ல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல், இது ரத்தக்கொதிப்பைக் குறைப்பதை பிரிட்டிஷ் இதழில் எழுதினார். 1952-ல் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள்.

3/ ரெசர்பின் கொடுத்த முயல்கள் அசையாம கிடந்தன. 1957-ல் சுவீடனின் அர்விட் கார்ல்சன் அவற்றுக்கு எல்-டோபா கொடுத்ததும் எழுந்து நடமாடின. மூளையில் டோபமைனுக்குத் தனி வேலை இருக்குன்னு அப்படித்தான் தெரிஞ்சது. 2000-ல் அவருக்கு நோபல் பரிசு.

4/ என்ன வேலை? வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளை வெச்சு கண்டுபிடிச்சார். எதிர்பாராம ஓவர்டைம் காசு வந்தா நமக்கு எப்படி இருக்கும்? வரும்னு நெனச்ச போனஸ் வரலைன்னா? முதல்ல டோபமைன் செல்கள் எகிறும், ரெண்டாவதுல அடங்கும். "இதை மறுபடி செய்", "இதை விடு"ன்னு மூளை கத்துக்கறது இந்த ஏற்ற இறக்கத்துல இருந்துதான். சாராயம் இந்தக் கணக்கையே கெடுத்துடுது.

5/ 1990. அமெரிக்காவில் கென்னத் பிளம், எர்னஸ்ட் நோபிள் குழு, இறந்தவர்களின் 70 மூளை மாதிரிகளை ஆராய்ந்தது. டோபமைன் டி2 மரபணுவின் ஏ1 என்ற வடிவம், குடிநோயாளிகள் 35 பேரில் 24 பேருக்கு இருந்தது. மற்ற 35 பேரில் 7 பேருக்குத்தான். "குடி மரபணு கிடைச்சாச்சு"ன்னு ஒரே பரபரப்பு.

6/ அதே வருஷக் கடைசியில், அதே மருத்துவ இதழில், வேறொரு குழு அப்படி வித்தியாசமே இல்லைன்னு எழுதுச்சு. அந்த வடிவம் உண்மையில் பக்கத்து மரபணுவில் இருக்குன்னு 2004-ல் தெரிஞ்சது.

7/ 2007-ல் ஜெர்மனியில் 26 ஆரோக்கியமான ஆண்களிடம் ஓர் ஆய்வு. ஏ1 உள்ளவர்கள் "இது தப்பு"ங்கற பதிலிலிருந்து மற்றவர்களைவிடக் குறைவாகவே கத்துக்கிட்டாங்க. சின்ன ஆய்வுதான். ஆனா கேள்வியே மாறிடுச்சு: குடிக்கான மரபணு எதுங்கறதில்ல, பட்டுத் திருந்தறதுல ஆளுக்கு ஆள் ஏன் வித்தியாசம்?

8/ நம்ம பக்கத்துலயும் தேடியிருக்காங்க. 1995-ல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் குடிநோயாளிகளின் நெருங்கிய ஆண் உறவினர்களைப் பரிசோதித்தார்கள். முக்கியமான சிக்னலைக் கவனிக்கும்போது மூளையில் எழும் பி-300 என்ற மின் அலை, குடும்ப ஆபத்து கூடக் கூட சிறுத்திருந்தது.

9/ அப்போ தலைவிதியா? இல்லை. இரட்டையர் ஆய்வுகள்படி மரபணுவின் பங்கு ஏறக்குறைய பாதி. அதுவும் பல மரபணுக்கள் சேர்ந்து. இதுக்கு அர்த்தம் "உங்க பையனுக்கு 50% வரும்" என்பதல்ல. ஏ1 வடிவம் ஐரோப்பியர்களைவிட தெற்காசியர்களுக்குத்தான் அதிகம். குடிப்பதில் அவர்கள் நம்மைவிடக் குறைச்சலா என்ன?

10/ அதனால மூணு விஷயம்.

திட்டும் அடியும் உதவாது. குடிக்காத ஒவ்வொரு நாளுக்கும் உடனே கிடைக்கும் சின்னப் பாராட்டு, சின்னப் பரிசு, உலகளவில் சோதிக்கப்பட்ட சிகிச்சை முறை.

தினமும் குடிப்பவரை வீட்டில் பூட்டி வெச்சு திடீர்னு நிறுத்தாதீங்க. வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. மருத்துவமனையில் நிறுத்துங்க.

சின்ன வயசில் தொடங்கினவங்களுக்குத்தான் அடிமையாகும் ஆபத்து அதிகம். "போய் வாங்கிட்டு வாடா"ன்னு பையன் கையில காசு கொடுக்காதீங்க.

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுகளில் சிகிச்சை இலவசம். போனில் பேசணும்னா 14416.

தாத்தாகிட்ட இருந்து மூக்கு வரும், முடி வரும். கிளாஸ் வராது. அது வெளியில இருந்துதான் கைக்கு வரணும்.