குப்பைமேடு பூங்காவாகிறது

அமெரிக்காவின் நியூயோர்க் நகரைச் சேர்ந்த ஸ்டேட்டன் தீவிலே ‘பிரெஷ் கில்ஸ்’ என்றோர் இடம் உண்டு. ‘கில்’ என்பது ஒல்லாந்தர் ஓடைக்கு வழங்கிய பெயர். உவர்நீர் ஓடைகளும் சதுப்பு நிலமும் நிறைந்திருந்த அவ்விடத்தில் 1948ஆம் ஆண்டு நகர ஆட்சியினர் குப்பை கொட்டத் தொடங்கினர். சில ஆண்டுகளுக்கே என்று கூறப்பட்ட ஏற்பாடு அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. 1980களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 29,000 தொன் குப்பை வந்து குவிந்தது. நான்கு குன்றுகள் எழுந்தன.

தீவு மக்களின் நெடுநாள் எதிர்ப்பின் பயனாக, அதனை மூடுவதற்கு 1996இல் சட்டம் பிறந்தது. 2001 மார்ச்சில் இறுதிக் குப்பைப் படகு வந்தது. எனினும் அவ்வாண்டு செப்டெம்பரில் உலக வர்த்தக மையம் தகர்க்கப்பட்டபோது, இடிபாடுகள் அங்கேயே கொண்டுவரப்பட்டு, மாண்டோரின் எச்சங்களைத் தேடிச் சலிக்கப்பட்டன. அன்று முதல் அம்மண் துயரத்தையும் சுமக்கின்றது.

குன்றுகளை மண்ணாலும் நீர்புகா விரிப்பாலும் மூடிப் புல் வளர்த்தனர். உள்ளே அழுகும் குப்பையின் மீதேன் வாயு குழாய்வழியே திரட்டப்படுகின்றது; கசியும் நஞ்சுநீர் தூய்மையாக்கப்படுகின்றது. புல்வெளிப் பறவைகள் மீண்டும் கூடு கட்டின.

திட்டமிட்ட பூங்காவின் பரப்பு 2,200 ஏக்கர். ஓரங்களில் சிறு விளையாட்டிடங்கள் முன்னரே அமைந்தன. உட்பகுதி மக்களுக்கு முதன்முதலாகத் திறக்கப்பட்டதோ 2023இலேதான். அதுவும் 21 ஏக்கர் மட்டுமே. தற்காலிகம் என்று சொல்லிக் குப்பை கொட்டிய நிலத்தை மீட்பதற்கு ஒரு தலைமுறைக் காலமும் போதவில்லை.