கருண் சந்தோக்: லெ மான் ஓட்டிய முதல் இந்தியர்

கருண் சந்தோக் (பிறப்பு: 19 ஜனவரி 1984, சென்னை) கார் பந்தய வீரர், தொலைக்காட்சி வர்ணனையாளர். நரேன் கார்த்திகேயனுக்குப் பிறகு ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய இரண்டாவது இந்தியர். பிரான்சில் நடக்கும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரும் இவரே. பலருக்கும் தெரிந்தது ஃபார்முலா ஒன் கதைதான். ஆனால் அவர் பெயர் நிற்க வேண்டிய இடம் லெ மான்.

பந்தயம் அவருக்குக் குடும்பச் சொத்து. இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதையான சோழவரத்தில் கார்களும் பைக்குகளும் சீறிய காலம் ஒன்று உண்டு. அந்தப் பந்தயங்களை நடத்திய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கியபோது, நிறுவியவர்களில் ஒருவர் தாத்தா இந்து சந்தோக். தந்தை விக்கி சந்தோக் பந்தயத்திலும் ராலியிலும் ஓட்டியவர், இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்புக்குத் தலைவராக இருந்தவர். 1990இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடம் வந்தது. கருணின் தலைமுறை ஓட்டக் கற்றது அங்கேதான்.

2001இல் ஃபார்முலா ஆசியா பட்டமும், 2006இல் ஃபார்முலா ரெனோ வி6 ஆசியா பட்டமும் வென்றார். ஃபார்முலா ஒன்னுக்கு முந்தைய படியான ஜிபி2வில் 2007இல் பெல்ஜியத்தின் ஸ்பாவிலும், 2008இல் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமிலும் முதலிடம் பிடித்தார்.

2010இல் ஹிஸ்பானியா அணி அவரை ஃபார்முலா ஒன்னுக்கு அழைத்தது. பணமும் நேரமும் பற்றாத புது அணி அது. முதல் பந்தயமான பஹ்ரைனில் அவருடைய கார் கடைசி நேரம் வரை பூட்டி முடிக்கப்படவில்லை. தகுதிச் சுற்றில்தான் அந்தக் காரை முதன்முறையாகத் தடத்தில் இறக்கினார். வேறு யாராக இருந்தாலும் இப்படி ஒரு தொடக்கத்தை வைத்து எடை போடுவது நியாயமாகாது; கருணை மட்டும் பலர் அப்படித்தான் எடை போட்டார்கள். மொனாக்கோவில் யார்னோ ட்ரூல்லியின் கார் இவர் காரின் மேலேயே ஏறி, தலைக்கு வெகு அருகில் கடந்து போனது. பத்துப் பந்தயங்களில் ஆஸ்திரேலியாவிலும் மொனாக்கோவிலும் கிடைத்த 14ஆம் இடமே உச்சம். அதன்பின் அணி வேறொருவரை அமர்த்தியது. 2011இல் லோட்டஸ் அணிக்காக ஜெர்மனியில் ஒரே ஒரு பந்தயம் ஓட்டினார். ஃபார்முலா ஒன் அத்தோடு முடிந்தது.

அடுத்த ஆண்டு, உலக நீடோட்டப் பந்தயத் தொடரின் முதல் பருவத்தில் ஜேஆர்எம் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. நீடோட்டத்தின் கணக்கே வேறு. லெ மானில் ஒரே காரைப் பெரும்பாலும் மூன்று பேர் மாறி மாறி ஓட்டுவார்கள். ஒருவர் எந்த ஆறு மணி நேரத்திலும் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது, மொத்தத்தில் 14 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. தன் வேகத்தைக் காட்டுவதைவிட, காரைச் சேதமின்றி அடுத்தவர் கையில் ஒப்படைப்பதே முதல் கடமை. இருட்டில், வேகம் குறைந்த கார்களை ஒவ்வொரு சுற்றிலும் தாண்டிப் போக வேண்டும். அங்கே ஒரு கணம் அயர்ந்தால் மூவரின் உழைப்பும் வீண்.

லெ மான் இந்தியர்களுக்கு எளிதில் வாய்க்கவில்லை. 2009இல் நரேன் கார்த்திகேயன் ஆடி காரில் பெயர் பதிந்து காத்திருந்தார். பந்தயம் தொடங்கும் முன்பு விழுந்ததில் தோள்மூட்டு விலகியது. மற்ற இருவரே ஓட்டி, கார் ஏழாவதாக வந்தது. கோவையைச் சேர்ந்த வீரருக்கு நேர்ந்த அந்த இழப்பு இன்றும் வருத்தம் தருவது.

2012 ஜூன் 16 பிற்பகல் தொடங்கிய பந்தயத்தில் கருணின் கூட்டாளிகள் இருவரும் லெ மானை நன்கறிந்தவர்கள். டேவிட் பிராபம் 2009இல் அங்கே வென்றவர். பீட்டர் டம்பிரெக் 1999இல் தன் மெர்சிடிஸ் காற்றில் எழும்பி மரங்களுக்கிடையே போய் விழுந்தும் உயிர் பிழைத்தவர். ஆடியும் டொயோட்டாவும் ஹைபிரிட் கார்களைக் கொண்டுவந்த ஆண்டு அது. ஜேஆர்எம்மிடம் இருந்தது பெட்ரோலில் ஓடும், மேற்கூரை இல்லாத ஹோண்டா எச்பிடி. டொயோட்டாக்கள் இரண்டும் பாதியில் விழ, மறுநாள் பிற்பகல் ஜேஆர்எம் கார் 357 சுற்றுகளை முடித்து ஆறாம் இடம் பெற்றது. வென்ற ஆடி 378 சுற்று. ஒரு சுற்று 13.629 கி.மீ. ஆக, மூவரும் சேர்ந்து கடந்தது 4,800 கி.மீ.க்கு மேல். நமக்குப் பழகிய கணக்கில் சொன்னால், பழனியிலிருந்து கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறி இறங்கி முப்பத்தைந்து தடவைக்கு மேல் போய்வரும் தூரம், ஒரே பகல் இரவுக்குள்.

2013, 2014, 2015 ஆகிய ஆண்டுகளிலும் லெ மானில் மர்ஃபி புரோட்டோடைப்ஸ் அணியில் இரண்டாம் நிலைப் பிரிவில் ஓட்டினார். 2014இல் மட்டும் கார் இறுதிவரை வரவில்லை. 2013இல் மெர்சிடிஸ் எஸ்எல்எஸ் காரில் ஜிடி பந்தயங்கள் ஓட்டினார். 2014இல் பெய்ஜிங்கில் தொடங்கிய, மின்சாரக் கார்களுக்கான ஃபார்முலா ஈயின் முதல் பந்தயத்தில் மகிந்திரா அணிக்கு ஐந்தாம் இடம் வாங்கித் தந்தார். 2019 முதல் ஸ்கை ஸ்போர்ட்ஸில் ஃபார்முலா ஒன் வர்ணனையாளர்.

2025 ஜனவரியில் நடிகர் அஜித் குமாரின் அணி துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. நீடோட்டம் என்ற விளையாட்டே தமிழ் வீடுகளில் பரவலாகப் பேசப்பட்டது அப்போதுதான். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் முன்னரே, அத்தகைய பந்தயங்களில் தலையாயதை ஒரு சென்னைக்காரர் ஓட்டி முடித்திருந்தார்.