பெட்டியை மாற்றலாம், தறியை மாற்ற வேண்டாம்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர் இப்போது வீட்டு மாடியிலும் சிறு பட்டறையிலும் சி.என்.சி மெஷின் வைத்து மரவேலை செய்கிறார்கள். கதவில் பூவேலை, பெயர்ப்பலகை, சாமி மாடம் என்று அழகாகச் செய்கிறார்கள். அவர்கள் அடிக்கடி கேட்பது: "சார், மெஷினை ஓட்ட எந்த சாஃப்ட்வேர் நல்லது? இருப்பதை மாற்றலாமா?"

சரித்திர வாத்தியாரிடம் கேட்கிற கேள்வியா இது என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் இதற்கு முந்நூறு வருஷத்துச் சரித்திரம் இருக்கிறது. அதுவும் நம் ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரர் நாட்டில் தொடங்குகிறது.

பிரெஞ்சுக் கம்பெனி புதுச்சேரிக்கு வந்ததே துணிக்காகத்தான். இங்கிருந்து நீலச்சாயத் துணி மேற்கு ஆப்பிரிக்கா வரைக்கும் போனது. அதே காலத்தில் பிரான்சில் லியோன் நகரத்துப் பட்டு நெசவாளருக்கு ஒரு தலைவலி. பூவேலைப் பட்டு நெய்ய, தறிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்று எந்த நூல் மேலே வரவேண்டும் என்று கயிறு இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். 1725இல் பாசில் புஷோன் ஓட்டை போட்ட காகிதச் சுருளை வைத்து அந்த வேலையைக் குறைத்தார். மூன்று வருஷத்தில் ஃபால்கோன் என்பவர் காகிதத்துக்குப் பதிலாக அட்டைகளைக் கோத்தார். 1804இல் ஜோசப் மாரி ஜக்கார்டு இவற்றையெல்லாம் சேர்த்துத் தறியின் தலைமேல் வைக்கிற ஒரு பெட்டியாக ஆக்கினார். அட்டையில் ஓட்டை இருந்தால் நூல் எழும்பும், இல்லாவிட்டால் எழும்பாது. அவ்வளவுதான் கணக்கு.

காஞ்சிபுரத்தில் பட்டுத்தறி பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. தறிக்கு மேலே மாலை மாதிரி அட்டை தொங்கும். இப்போது சில தறிகளில் அட்டைக்குப் பதில் மின்னணு ஜக்கார்டு வந்துவிட்டது, டிசைன் கம்ப்யூட்டரிலிருந்து போகிறது. கவனியுங்கள்: கீழே தறி அதேதான். மேலே பெட்டி மட்டும் மாறியது.

இதில் மூன்று பொருள் தனித்தனியாக இருக்கிறது. வேலை செய்கிற தறி, அதை ஆட்டிவைக்கிற பெட்டி, என்ன நெய்ய வேண்டும் என்று சொல்கிற அட்டை. சி.என்.சியிலும் இதே மூன்றுதான். மெஷின், கண்ட்ரோலர், டிசைன் ஃபைல். இந்த மூன்றையும் குழப்பிக்கொள்கிறவர்தான் ஏமாறுகிறார்.

இன்னொரு சேதி. 1806இல் பிரெஞ்சு அரசு ஜக்கார்டு தறியைப் பொதுச் சொத்து என்று அறிவித்து, அவருக்கு ஓய்வூதியம் கொடுத்தது. 1812 வாக்கில் பிரான்சில் சுமார் 11,000 தறிகளில் அந்தப் பெட்டி ஏறிவிட்டது.

இனி இரும்புக்கு வருவோம். ஹெலிகாப்டர் இறக்கைக்கு அச்சு வெட்டப்போன ஜான் பார்சன்ஸ் என்ற அமெரிக்கரின் யோசனையை எடுத்துக்கொண்டு, எம்.ஐ.டி கல்விக்கூடம் 1952இல் ஓட்டைபோட்ட நாடாவால் ஓடும் மில்லிங் மெஷினைக் காட்டியது. பிறகு நாடாவில் எழுதும் மொழிக்கு ஒரு பொது ஒழுங்கு வந்தது. அதுதான் நாம் சொல்லும் ஜி-கோடு. ஜி0 என்றால் வெட்டாமல் வேகமாக நகர், ஜி1 என்றால் வெட்டிக்கொண்டே நேராகப் போ. இன்றைக்கும் அதேதான்.

1990களில் அமெரிக்க அரசின் தர நிறுவனமான நிஸ்ட் ஒரு கட்டுப்பாட்டு மென்பொருள் எழுதியது. அரசு செலவில் எழுதியதால் அது பொதுச் சொத்து. அதன் வாரிசுதான் இன்றைய லினக்ஸ்சிஎன்சி. பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் கைக்கு விண்டோஸில் ஓடும் மாக்3 வந்து சேர்ந்தது. ஆர்ட் ஃபெனர்ட்டி என்பவர் எழுதியது. பணம் கட்டாவிட்டால் 500 வரி வரை மட்டும் ஓடும். பூவேலைக்கு ஆயிரக்கணக்கில் வரி வேண்டும்.

இந்த இரண்டிலும் பழைய முறையில் மோட்டாருக்குத் துடிப்பு கொடுக்கிற வேலையைக் கம்ப்யூட்டரே செய்தது, பழைய பிரிண்டர் போர்ட் வழியாக. அந்த போர்ட் புதுக் கம்ப்யூட்டர்களில் இல்லை. மாக்3-இன் அந்த டிரைவர் 64 பிட் விண்டோஸில் ஓடாது. 2009இல் நார்வேக்காரர் சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட், துடிப்பு கொடுக்கிற வேலையை ஆர்டுயினோ என்ற சின்ன பலகைக்கு மாற்றினார். அதுதான் ஜிஆர்பிஎல். வெறும் 32 கிலோபைட்டில் அடங்கியது, இலவசம், மூலநிரல் எல்லோருக்கும் திறந்தது. கம்ப்யூட்டர் இப்போது வரிகளை அனுப்பும் தபால்காரர் மட்டும்.

போன வருஷம் வில்லியனூர் பக்கம் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவருக்கு எக்ஸ்பி கம்ப்யூட்டர் மழையில் செத்துப்போனது. ஆறு கதவு ஆர்டர் கையில். மெஷின் விற்றவர், "இது இனி ஆகாது, புது மெஷினே எடுங்கள்" என்றார். கட்டில் இருந்த பணம் அவர் தங்கை கல்யாணத்துக்கு வைத்தது. நாங்கள் உட்கார்ந்து யோசித்தோம். மோட்டார், டிரைவர், திருகு எல்லாம் நன்றாக இருந்தன. கெட்டது பெட்டி மட்டும். ஆர்டுயினோவில் ஜிஆர்பிஎல் ஏற்றினோம். பென்டிரைவில் இருந்த ஐந்து வருஷ டிசைன்கள் பிழைத்தன. டூல் மாற்றும் எம்6 போன்ற ஜிஆர்பிஎல்லுக்குத் தெரியாத சில கட்டளைகளை மட்டும் நீக்கினோம். ஆறு கதவும் அதே மெஷினில் முடிந்தது.

இதிலிருந்து நான் பிள்ளைகளுக்குச் சொல்வது:

மூன்று அச்சு மர மெஷினுக்கு ஜிஆர்பிஎல் போதும். நான்காவது அச்சு வேண்டுமானால் 32 பிட் பலகையில் ஓடும் ஜிஆர்பிஎல்-ஹெச்ஏஎல் அல்லது ஃப்ளூயிட்என்சி பாருங்கள். பிரிண்டர் போர்ட் உள்ள பழைய கம்ப்யூட்டர் இருந்தால் லினக்ஸ்சிஎன்சி நல்ல துணை. மாக்3 ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால் அதைத் தொடாதீர்கள். இன்டர்நெட்டில் இணைக்காமல், ஹார்டு டிஸ்கை அப்படியே ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

மாற்றும் முன் எல்லா அளவுகளையும் நோட்டில் எழுதுங்கள். ஜிஆர்பிஎல்லில் இரண்டு டாலர் குறி அடித்தால் முழுப் பட்டியலும் வரும். புதுப் பதிப்பு ஏற்றும்போது இவை அழிந்து பழைய இயல்பு அளவுக்குப் போய்விடலாம். ஒரு கணக்கு சொல்கிறேன். மோட்டார் சுற்றுக்கு 200 அடி, டிரைவரில் எட்டாகப் பிரித்தால் 1,600. திருகு சுற்றுக்கு 8 மி.மீ நகர்த்தினால், மி.மீட்டருக்கு 200. ஜிஆர்பிஎல் இயல்பாக வைத்திருப்பது 250. அதைத் திருத்தாமல் ஓட்டினால் 100 மி.மீ பூ 125 மி.மீ ஆகும். தேக்குப் பலகை போச்சு.

ஆகவே முதலில் மரத்துக்கு மேலே காற்றில் ஓட்டுங்கள். பிறகு வேஸ்ட் பலகையில் 100 மி.மீ சதுரம் வெட்டி அளந்து பாருங்கள். புதுப் பெட்டி ஒரு மாதம் ஓடும் வரை பழையதைக் கடாசாதீர்கள்.

முக்கியமானது கடைசியில். வாங்கும்போதே கேளுங்கள்: "என் டிசைன் சாதாரண ஜி-கோடு ஃபைலாக என் கையில் வருமா?" வராது என்றால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். கண்ட்ரோலர் பத்து வருஷத்தில் பழசாகும். நீங்கள் வரைந்த பூ உங்கள் பிள்ளை காலத்திலும் வெட்டப்பட வேண்டும்.

உங்கள் மெஷினில் எது ஓடுகிறது, எங்கே சிக்குகிறது என்று எழுதுங்கள். தெரிந்தவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.