ஒரே பெயர், பல நோய்கள்

புத்தளம் நகரை அடுத்துள்ள தில்லையடி, 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் பலர் குடியேறிய ஊர். அங்கு முதியவர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இன்றும் மனத்தை விட்டு அகலவில்லை.

"தம்பி, இரத்தப் புற்றுநோய் வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை சுகமாகிப் பள்ளிக்கூடம் போகுது. வாயில சின்னப் புண்ணோட இருந்த என்ட மனிசி மௌத்தாகிட்டா. இது என்ன நியாயம்?"

புற்றுநோய் என்ற ஒரே பெயருக்குள் பல நோய்கள் ஒளிந்திருப்பதை மருத்துவ உலகம் மெல்ல மெல்லவே உணர்ந்தது. 1947 வரை இரத்தப் புற்று கண்ட குழந்தைகள் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்தனர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் குழுவினர், போலிக் அமிலத்தின் செயலைத் தடுக்கும் அமினோப்டெரின் என்ற மருந்தை ஆக்கினர். போஸ்டன் வைத்தியர் சிட்னி ஃபார்பர் அதனை 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். பத்துப் பேரிடம் நோய் தணிந்தது. முடிவுகள் 1948இல் வெளியாயின. அதே ஆண்டில் சுப்பாராவ் மறைந்தார்.

தணிந்த நோய் விரைவிலேயே மீண்டது. மருந்துக்குத் தப்பிய கலங்கள் பெருகியதே காரணம். எனவே 1960களில் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தனர். குழந்தைகளுக்கு வரும் பிரதான இரத்தப் புற்றில், வசதியுள்ள நாடுகளில் இன்று பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கின்றனர். குருதியோடு ஓடும் மருந்து நோய்க் கலங்களை எளிதில் அடைகிறது.

கணையப் புற்றின் கதை வேறு. வயிற்றின் பின்னால் மறைந்து வளரும் அது, பெரும்பாலும் பரவிய பின்னரே வெளிப்படுகிறது. அதனைச் சூழும் தடித்த நார்த்திசு மருந்தையும் தடுக்கிறது.

வாய்ப் புற்றோ கண்ணுக்குத் தெரிவது. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோயும் அதுவே. புகையிலை சேராவிடினும் பாக்கு மட்டுமே புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட நூலில் அறிவித்தது. தொடக்கத்தில் கண்டால் சத்திரசிகிச்சையால் பெரும்பாலும் குணப்படுத்தலாம். கழுத்து நிணநீர்க் கணுக்களுக்குப் பரவிவிட்டால் கடினம்.

அந்த அம்மையார் புண்ணை வெற்றிலைச் சூடு என்று எண்ணி மாதக்கணக்கில் பொறுத்திருந்தாராம். மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையோ ஏறத்தாழ 150 கிலோமீற்றர் தொலைவில். எளிதாகத் தீர்ந்திருக்கக்கூடிய நோயைக் காலதாமதம் கடினமாக்கிவிட்டது. இதை அப்பெரியவரிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. உங்களிடம் சொல்கிறேன்: இரண்டு வாரங்களில் ஆறாத வாய்ப்புண்ணை, வலி இல்லாவிடினும், வைத்தியரிடம் காட்டுங்கள்.