அஞ்சுநாய்த் தாள்: மூலமும் உரையும்

ருமேனிய நாட்டுக் காப்பகங்களில் அடைக்கப்பட்ட தெருநாய்கள் வேனில் ஏற்றப்பட்டு, நாடு பல கடந்து, ஜெர்மனியில் ஏற்பார் கையிற் சேர்வது இக்காலத்து வழக்கு. அவற்றுள் மனிதர் நிழல் கண்டாலே ஒடுங்குவதை ஜெர்மானியர் ‘ஆங்ஸ்ட்ஹுண்ட்’ என்பர். அஞ்சும் நாய் என்பது பொருள். அந்நாட்டில் வாழும் தமிழர் இல்லங்கள் சிலவும் அத்தகைய நாயை ஏற்றலின், அவர்க்கெனத் தமிழில் ஒரு தாள் எழுந்தது. ஏழே பகுதி, ஆக்கியோன் பெயர் இல்லை. மூலம் வருமாறு:

“கதவு மூடிய பின்னரே கூண்டு திற. இரு வாரில் கொள். ஒரு வாரை நம்பாதே. பார்க்காதே, குனியாதே, கூப்பிடாதே. பக்கம் காட்டி இரு. உண்ணாவிடினும் வை, வைத்துவிட்டு அகல். மூலை அதனுடையது. ஓடினால் துரத்தாதே. அது வரும்.”

இத்தாளுள் ஏவல்வினை பத்து. பத்தும் மனிதரை நோக்கியன. அவற்றுட் பாதி எதிர்மறை. நாயை ஏவும் சொல் ஒன்றும் இல்லை. நாய்க்கு ‘உட்கார்’, ‘கை கொடு’ எனக் கற்பிக்கும் நூல்கள் கடைதோறும் கிடைக்கும். இஃது ஏற்பாரைப் பயிற்றும் நூலாதலின், அந்நூல்களோடு ஒருங்கு வைத்து எண்ணற்க.

*கதவு மூடிய பின்னரே கூண்டு திற.*

கதவு என்றது சாதியொருமை. வாயிற்கதவு, மாடிக்கதவு, காரின் கதவு யாவும் அடங்கும். சன்னலும் உபலக்கணத்தாற் கொள்க. மூடிய என இறந்தகாலத்தாற் கூறினமையின், மூடிக்கொண்டிருக்கும்போதே திறத்தல் விலக்கப்பட்டது. பின்னரே என்னும் ஏகாரம் பிரிநிலை. முன்னும் உடனும் ஆகாது என அவ்விரண்டையும் பிரித்தது. கூண்டு திற என்பது கூண்டைத் திற என விரியும்.

இத்துணை காவல் எற்றுக்கெனின், வேன் வந்து நிற்பது பெரும்பாலும் நெடுஞ்சாலையோரத்து வண்டி நிறுத்துமிடத்தில். பல திங்கள் படத்திற் கண்ட முகத்தை ஒருமுறை நேரிற் காண்போம் என்னும் ஆசையால் அங்கேயே தாழ் நீக்குவார் உளர். ஒரு கை நுழையும் இடைவெளி நாய்க்குப் போதும்.

இன்னும், ‘திற’ என்று நிறுத்தினாரன்றித் ‘திறந்து எடு’ என்றிலர். எடுத்தல் என்னும் வினை தாள் முழுதும் இல்லாமை காண்க. திறந்த கூண்டினுள்ளேயே முதல் இரவைக் கழிக்கும் நாயும் உண்டு. அதனைக் குறையெனக் கருதற்க.

*இரு வாரில் கொள். ஒரு வாரை நம்பாதே.*

வார் என்பது தோற்பட்டை. இக்காலத்து நைலானால் ஆகி, லீஷ் என வழங்கும். ஒன்று கழுத்துப்பட்டையிலும் மற்றொன்று நெஞ்சுப்பட்டையிலும் மாட்டப்படும். அஞ்சிய நாய் முன்னே இழுக்காது. தலை தாழ்த்திப் பின்னோக்கி நடக்கும். அப்போது கழுத்துப்பட்டை காதைத் தாண்டி வழுவும்; சாதாரண நெஞ்சுப்பட்டையும் முன்னங்கால் வழியே உருவி வரும். ஆதலின் விலாவுக்குப் பின் இடையைச் சுற்றும் மூன்றாம் பட்டையுடையதே இந்நாய்க்கு ஏற்றது.

இரு வாரில் கொள் என்றபின் ஒரு வாரை நம்பாதே என்றது கூறியது கூறலாகாதோ எனின், ஆகாது. முன்னது கையை ஏவிற்று. பின்னது நெஞ்சை விலக்கிற்று. பத்து நாள் ஒழுங்காய் நடந்த நாயிடத்துப் பதினோராம் நாள் தோன்றும் ‘இனி ஒன்று போதும்’ என்னும் எண்ணமே ஈண்டு விலக்கப்பட்டது.

*பார்க்காதே, குனியாதே, கூப்பிடாதே. பக்கம் காட்டி இரு.*

தாளின் நடுநாடி இத்தொடர். பார்க்காதே என்றது காணாதே என்றதன்று. காணல் கண்ணில் விழுவது. பார்த்தல் கண்ணைக் குறித்து நோக்குவது. நேர்நோக்கு நாயினத்துள் பூசலுக்கு அழைப்பாகலின் அது விலக்கப்பட்டது. குனிதல், மேலிருந்து கவிதல். அன்பாற் கவிந்தாலும் கீழிருப்பதற்கு அது கவிதலே. கூப்பிடாதே என்றது பெயரையும் சேர்த்து. நாய்க்குரிய பாஸ்போர்ட்டில் எழுதிய பெயர் காப்பகத்தார் பட்டியலுக்கென இட்டது. நாய் அதனைத் தன்னுடையதென்று அறியாது. ஆகவே அன்பொழுகப் பத்துமுறை அழைப்பினும் அதன் செவிக்கு அஃது ஓர் ஓசையே.

பக்கம் காட்டி என்பது தோளும் விலாவும் நாயை நோக்க, முகம் வேறிடம் நோக்க இருத்தல். நாய் நாய்க்குச் செய்யும் மரியாதை இது. முகத்தைத் திருப்புதல், உதட்டை நக்குதல், கொட்டாவி விடுதல் ஆகியவற்றைத் ‘தணிவிக்கும் குறிப்புகள்’ எனத் தொகுத்துரைத்தவர் நார்வே நாட்டுப் பயிற்சியாளர் டூரிட் ருகாஸ். நாயின் கொட்டாவி கண்டு ‘தூக்கம் வருகிறது பாவம்’ என்று நெருங்கித் தடவுவார், ‘தள்ளி நில்’ என்ற வேண்டுகோளைத் தாலாட்டாகக் கேட்டவராவர்.

இரு என்னும் சொல் முன்தொடரில் எண், இத்தொடரில் வினை. ‘அமர்’ என்னாது ‘இரு’ என்றதன் நயம் உணர்க. உட்காருதலும், அவ்விடத்தே தங்குதலும், ‘சற்று இரு’ என்னும் வழக்கிற் போலப் பொறுத்தலும் ஆகிய மூன்றையும் அச்சொல் தரும். மூன்றும் ஈண்டு வேண்டப்பட்டன.

அற்றேல், குட்டியாய் ஏற்பின் இவ்வருத்தமெல்லாம் இல்லையே எனின், கணக்கிட்டு நோக்குக. உலகத்துப் பொருள்களையும் மனிதரையும் ‘இவை அஞ்சத் தக்கன அல்ல’ என நாய்க்குட்டி எளிதில் மனங்கொள்ளும் பருவம் ஏறத்தாழ 3 வாரத்திற் தொடங்கி 12 அல்லது 14 வாரத்தில் ஒடுங்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியோ வெறிநோய்த் தடுப்பூசியை 12 வாரத்துக்கு முன் இடலாகாது என்றும், இட்டபின் 21 நாள் கழிய வேண்டும் என்றும் கூறும். கூட்டினால் 15 வாரம். எனவே முறைப்படி ஜெர்மனிக்கு வரும் எக்குட்டியும் அப்பருவம் கழிந்தபின்னரே வரும். காப்பகத்துக் கூண்டில் அப்பருவத்தைக் கழித்தது, மாடிப்படியையும் கண்ணாடிக் கதவையும் சலவை இயந்திரத்தின் இரைச்சலையும் முதன்முதல் ஒரே மாலையில் எதிர்கொள்ளும். விதி நோய்தடுத்தற்கு இன்றியமையாதது. அதன் விலையை நாய் தருகிறது என்பதும் மறுக்கலாகாது.

*உண்ணாவிடினும் வை; வைத்துவிட்டு அகல்.*

உம்மை எதிர்மறை, உண்ணுதலும் கூடும் என்பது தோன்ற நின்றது. வை என்பதற்குச் செயப்படுபொருள் உணவும் நீரும் என வருவித்துரைக்க. விட்டு என்னும் துணைவினை துணிவுப்பொருட்டு: வைத்துக்கொண்டு நிற்றலும், கதவிடுக்கில் எட்டிப் பார்த்தலும் வைத்துவிடுதல் ஆகா.

இதற்கு ஓர் இல்லத்து நிகழ்ந்தது காட்டாகும். வந்த நாய் குளியலறையிற் சலவை இயந்திரத்துக்கும் சுவருக்கும் இடையே புகுந்து, இரண்டு பகல் வாய் திறந்திலது. மூன்றாம் இரவு மரத்தரையில் நகம் படும் ஓசை, நாலடி, பின் அமைதி, பின் நாலடி. இல்லத்தார் போர்வைக்குள் மூச்சடக்கிக் கிடந்தனர். விடியலிற் கிண்ணம் வெறிதாயிருந்தது. ஓர் உருண்டை மட்டும் வீட்டம்மையின் செருப்பருகே கிடந்தது. மோந்து பார்க்கும்போது வாயினின்று நழுவியதாதல் வேண்டும். அதனை அன்பளிப்பு என்றார் அவர். உரைகாரர் அத்துணை தூரம் செல்லார்.

*மூலை அதனுடையது.*

இத்தொடரில் ஏவல் இல்லை. அதனுடையது என்பது குறிப்பு வினைமுற்று. காலம் வெளிப்படக் காட்டாது. ஆகவே இவ்வுரிமை இன்றைக்கு மட்டும் என்றோ, அச்சம் தெளியும்வரை என்றோ வரையறுத்தல் மூலத்துக்கு மாறாம். மூலைக்கும் நாய்க்கும் உள்ள இயைபு பிறிதின்கிழமை. உடைமை சொல்லவே பிறர் உரிமை விலகும். அங்கே கைநீட்டல், துடைப்பம் இடல், வந்த விருந்தினர்க்கு ‘இதோ பாருங்கள்’ என விளக்கடித்துக் காட்டல் ஆகியன எல்லாம் அடுத்தவர் மனைபுகுதலோடு ஒக்கும்.

உடைமைச்சொல்லை ஆக்கியோன் ஈண்டுப் பெய்ததன் கருத்து அறிய, நாய் வந்த நாட்டின் வரலாறு வேண்டும். ருமேனிய அதிபர் சௌஷெஸ்கு ஆட்சியில், 1980களில், தலைநகர் புக்கரெஸ்ட்டின் பழைய மனைகள் பல இடிக்கப்பட்டு மக்கள் அடுக்குமாடிகளுக்குப் பெயர்க்கப்பட்டனர். முற்றத்து நாய்களுக்கு மாடியில் இடமில்லை. அவை தெருவிற் பெருகின. 2013 செப்டம்பரில் அந்நகரில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் நாய்களாற் கடியுண்டு இறந்தான். அத்துயரின் சூட்டில் அதே திங்களிற் சட்டம் வந்தது: பிடிபட்ட நாயை உரியவரோ ஏற்பாரோ 14 வேலைநாளுள் கொள்ளாவிடிற் கொல்லலாம். இவ்வளவில் அந்நாய்க்கென இருந்தது நாள் எண்ணப்பட்ட ஓரிடமே. பிதெஷ்தி நகரருகே ஸ்மெயுரா என்னும் பெருங்காப்பகம் முன்பு நரித்தோல் பண்ணையாய் இருந்தது என்பர் அறிந்தோர்; அடைபட்ட உயிர்க்கு உடைமை என்பதே இல்லாத இடம், புகலிடமான பின்னும் கம்பிவலை கம்பிவலையே. அங்கிருந்து வந்ததற்கு முதற்கண் தரத்தக்கது மெத்தையன்று, மூன்று பக்கம் சுவருடைய ஓரிடம் என்றவாறு.

*ஓடினால் துரத்தாதே.*

துரத்துவாரை நாய் வேட்டையாடுவாராகவே காணும். ஓடிய இடத்தருகே உணவு வைத்து, ஏற்பார் உடுத்த துணியொன்றை இட்டு, அறிவிப்பு ஒட்டி, காத்தல் வேண்டும். தோலடி மைக்ரோசிப்பில் இருப்பது 15 இலக்க எண் மட்டுமே. ருமேனியாவிலிட்டது 642 எனத் தொடங்குவதுண்டு. முகவரி அதனுள் இல்லை. ஜெர்மனியில் டாசோ போன்ற பதிவகத்தில் அவ்வெண்ணை ஏற்பார் தம் பெயரோடு முன்னரே பதியாவிடில், சிப் இருந்தும் இல்லாததாம்.

*அது வரும்.*

அது என்பது சேய்மைச்சுட்டு. வளர்க்கும் நாயை உவப்பால் ‘அவன்’, ‘அவள்’ என்பது திணைவழுவமைதி, பிழையாகாது. ஆயினும் அவ்வுவப்பு நாயை முந்திச் செல்லாவண்ணம் தாள் அது என்றே நிறுத்திற்று. நாய்க்குரிய வினை இத்தாளுள் மூன்று: உண்ணாமை, ஓடுதல், வருதல். முன்னிரண்டும் எச்சமாய் நின்றன. வருதல் ஒன்றே முற்றுப்பெற்றது.

வரும் என்பது செய்யும் என்னும் வாய்பாட்டு முற்று. அது தன்மையிலும் முன்னிலையிலும் வாராது. ‘யான் வரும்’, ‘நீ வரும்’ என்னும் வழக்கின்மை காண்க. ஆகலின் இவ்வினை ஏற்பாரால் ஆவதன்று என்பது இலக்கணத்தானே பெறப்பட்டது. எப்போது வரும் என்பதற்கு மூன்று நாள் திகைப்பு, மூன்று வாரம் பழக்கம், மூன்று திங்களில் இல்லத்ததாதல் என வரம்பு கூறுவாரும் உளர். பெரும்பாலான நாய்க்கு அது பொருந்தலாம். அஞ்சுநாய்க்கு அதனைக் கொள்ளின், தொண்ணூற்றொன்றாம் நாள் ஏற்பார் நாயின்மேற் குறைபடுவர். ஆதலின் ஆக்கியோன் காலச்சொல் பெய்திலன்.

இடச்சொல்லும் பெய்திலன். மடிக்கு வரும் எனக் கொள்ளற்க. மேற்காட்டிய இல்லத்தில், ஐந்தாம் திங்களில் ஒரு மாலை, வீட்டம்மை அடுக்களையில் வெங்காயம் அரிந்துகொண்டிருக்க, நாய் தானே நடந்து வந்து முன்னங்கால் இரண்டையும் நிலைப்படிமேல் வைத்தது. அவர் பக்கம் காட்டியே நின்றார். பின்னங்கால் இரண்டும் நடையிலேயே நின்றன. அதுவும் வருதலே என்க.